"சும்மா ஓடுறன்": ஒரு மறுமொழியின் வரலாறு

எங்கட ஊர்ப்பக்கம் சைக்கிளில் போற ஆளைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி "எங்க போறாய்?" அதுக்கு ஒரு மறுமொழி இருக்க வேணும். கடைக்கு, ரியூசனுக்கு, கோயிலுக்கு, தோட்டத்துக்கு, வேலைக்கு. "ஒரு இடமும் இல்லை, சும்மா ஓடுறன்" என்று சொன்னால் கேட்டவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். சொன்னது ஒரு பெட்டை என்றால் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் நீளும்.

இப்ப இது மெல்ல மாறி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியப்பறம் நாலைந்து பேராகச் சேர்ந்து பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய், எங்கேயாவது கடற்கரையில் நின்று, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புகிற ஆட்களைக் காணலாம். கனபேர் இதைப் புதுப் பாஷன் என்கிறார்கள். இன்னும் சிலர் உடம்பு குறைக்கிற வேலை என்கிறார்கள். ஆனால் ஒரு அலுவலும் இல்லாமல் கூட்டமாகச் சைக்கிளில் ஊர் சுற்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. அந்த வரலாற்றுக்குள்ளே வர்க்கம், பால், நிறம், காலனியம் எல்லாமே கிடக்கின்றன. "சும்மா" என்பது எல்லாருக்கும் ஒரேநாளில் கிடைத்த உரிமை இல்லை. யார் யாருக்கு எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் பார்க்கிறேன்.

உயரச் சக்கரத்துக் கனவான்கள்

1870களின் இங்கிலாந்துச் சைக்கிளுக்குச் செயின் கிடையாது. பெடல் நேரடியாக முன்சக்கரத்தில் பூட்டப்பட்டிருக்கும். பெடலை ஒருதரம் சுற்றினால் சக்கரமும் ஒருதரம்தான் சுற்றும். ஆகவே வேகமாகப் போக ஒரே வழி, முன்சக்கரத்தைப் பெரிதாக்குவது. ஆளின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குச் சக்கரத்தைப் பெருப்பித்தார்கள். ஓட்டுகிறவர் அதன் உச்சியில் குந்தியிருப்பார். வழியில் ஒரு கல்லுத் தட்டினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். விலையும் ஒரு தொழிலாளியின் பல வாரச் சம்பளம். எனவே அதில் ஏறியவர்கள் பெரும்பாலும் வசதியான, உடல்வலுவுள்ள இளம் ஆண்கள்.

1870இல் லண்டனில் பிக்விக் சைக்கிள் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த மாதம்தான் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இறந்திருந்தார். அவருடைய கதாபாத்திரத்தின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள். 1878 ஓகஸ்ட்டில் ஹரோகேற் என்ற நகரில் சைக்கிள் சுற்றுலாச் சங்கம் உருவானது. 1883இல் அது சைக்கிளோட்டிகள் சுற்றுலாச் சங்கம் என்று பெயர் மாறியது. இன்றைக்கும் 'சைக்கிளிங் யூகே' என்ற பெயரில் இயங்குகிறது.

இந்தச் சங்கம் என்ன செய்தது என்பது முக்கியம். அப்போது ரயில் வந்து முப்பது நாற்பது வருடமாகிவிட்டது. குதிரை வண்டிகளை நம்பியிருந்த நெடுந்தெருக்கள் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. தெருவோரச் சத்திரங்களும் படுத்துவிட்டன. சங்கம் அந்தச் சத்திரக்காரர்களோடு பேசி, அங்கத்தவர்களுக்கு ஒரு தீர்ந்த விலைக்குச் சாப்பாடும் படுக்கையும் ஒழுங்கு செய்தது. அப்படிப்பட்ட சத்திரத்தின் வாசலில் சிறகு முளைத்த சக்கரம் ஒன்று சின்னமாகத் தொங்கும். ஊரூராக ஒரு பிரதிநிதியை வைத்தார்கள். எந்தத் தெரு நல்லம், எது கூடாது, சைக்கிள் உடைந்தால் யாரிடம் திருத்தலாம் என்று அவர் சொல்லுவார். செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டார்கள். 1886இல் இன்னொரு சைக்கிள் அமைப்போடு சேர்ந்து வீதி மேம்பாட்டுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். நல்ல ரோட்டு வேணும் என்று பிரித்தானியாவில் முதன்முதலில் அமைப்பாகச் சேர்ந்து கேட்டவர்கள் கார்க்காரர் இல்லை, சைக்கிள்காரர்.

சட்டமும் தேவைப்பட்டது. அதுவரை ஒவ்வொரு உள்ளூர் அதிகாரசபையும் தன்பாட்டுக்குச் சைக்கிளுக்கு விதி போட்டுக்கொண்டிருந்தது. 1888ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளையும் ஒரு வண்டி என்று ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு தெருவில் ஓடுவதற்கு அதற்கும் உரிமை வந்தது. 1899இல் சுற்றுலாச் சங்கத்தின் அங்கத்தவர் தொகை 60,000ஐத் தாண்டியது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. தனியாக ஒருத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்காணாத் தூரம் போகிறார் என்றால், அவருக்குப் பின்னால் ரோட்டு, சட்டம், படுக்க இடம், திருத்துகிற ஆள் என்று ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது. தனிமனித சுதந்திரம் என்று நாங்கள் நினைக்கிற விசயத்தை ஒரு கூட்டம்தான் கட்டி எழுப்பியது.

சனிக்கிழமைப் பின்னேரம்

1885இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சக்கரத்தை இழுக்கிற செயின். இப்ப நாங்கள் ஓடுகிற சைக்கிளின் வடிவம் அதுதான். 1888இல் பெல்பாஸ்ற்றில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், மகனுடைய மூன்றுசக்கரச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்து, அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். இனி விழுந்து மண்டை உடைகிற பயமும் குறைவு, எலும்பு குலுங்குகிற நோவும் குறைவு. 1890களின் நடுவில் சைக்கிள் மோகம் உச்சத்துக்குப் போனது. அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்த கம்பனிகள் சரிய, விலையும் சரிந்தது. பாவித்த சைக்கிள்கள் சந்தைக்கு வந்தன. தொழிலாளியின் கைக்கும் சைக்கிள் எட்டியது.

ஆனால் சைக்கிள் இருந்தால் மட்டும் போதுமா? நேரம் வேணுமே. கிழமையில் ஆறு நாளும் ஆலையில் நிற்கிறவனுக்குச் சும்மா ஓட ஏது நேரம்? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை 2 மணிக்குப் பிறகு வேலை செய்வதைத் தடுத்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அது பலன் தந்தது. பிறகு மற்றத் தொழில்களுக்கும் சனி அரைநாள் லீவு மெல்லப் பரவியது. தொழிற்சங்கங்கள் பேசிப் பேசி வாங்கிய அரைநாள் அது. 'வீக்கெண்ட்' என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற சொல்லுக்குள்ளே இந்தப் போராட்டம் இருக்கிறது.

அந்த அரைநாளை அரசியலாகவும் பாவித்தவர்கள் கிளாரியன் ஆட்கள். 1891இல் ரொபேட் பிளச்ஃபோர்ட் என்பவர் மான்செஸ்டரில் 'கிளாரியன்' என்ற சோசலிசப் பத்திரிகையைத் தொடங்கினார். அதை வாசித்துக்கொண்டிருந்த சில பெடியள் 1894இல் பேமிங்ஹாமில் ஒன்றுகூடி ஒரு சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். அந்த வருடம் ஈஸ்ரர் விடுமுறைக்கே முதல் சுற்றுலா. அடுத்த வருடம் அது தேசிய அளவிலான சங்கமாகியது. சைக்கிளில் கிராமங்களுக்குப் போவார்கள். போகிற வழியில் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் கொடுப்பார்கள். சந்தியில் கூட்டம் வைப்பார்கள். பிறகு புல்லில் விழுந்து படுத்து, பாட்டுப் பாடி, தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். வழியில் இன்னொரு கிளாரியன்காரரைக் கண்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்று கத்த, மற்றவர் "ஸ்பேர்ஸ்!" என்று திருப்பிக் கத்துவார். அதுதான் அவர்களுடைய வணக்கம்.

இவர்கள் தங்குவதற்கும் தேத்தண்ணி குடிப்பதற்கும் தங்கட சொந்த வீடுகளைக் கட்டினார்கள். நெல்சன் என்ற நெசவாலை நகருக்குப் பக்கத்தில் 1912இல் கட்டப்பட்ட கிளாரியன் இல்லம் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கிறது. ஆலைப் புகைக்குள் கிழமை முழுக்க நின்ற ஆட்களுக்கு, நிலச்சொந்தக்காரர்களின் நாட்டுப்புறத்துக்குள்ளே தங்களுக்கென்று ஒரு கூரை. அதை வெறும் ரீக்கடை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஜேர்மனியில் இது இன்னும் பெரிதாக வளர்ந்தது. 1896இல் தொடங்கிய தொழிலாளர் சைக்கிளோட்டிகள் சங்கத்துக்கு 'ஒற்றுமை' என்று பொருள்தரும் பெயர். 1920களில் இலட்சக்கணக்கான அங்கத்தவர்கள் அதில் இருந்தார்கள். 1933இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தவுடன் தொழிலாளர் அமைப்புகளை வரிசையாக உடைத்தபோது இந்தச் சங்கத்தையும் தடைசெய்து சொத்துகளைப் பறித்தார்கள். சைக்கிள் ஓடுகிற ஆட்களைப் பார்த்து ஒரு அரசு பயப்படுமா? தன் அனுமதி இல்லாமல் சனம் கிழமைக்கு ஒருக்கால் கூடுகிறது என்பதே அப்படியான அரசுக்குப் பயம்தான்.

தொங்கவிடப்பட்ட பொம்மை

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்பம். இந்தச் சங்கங்களுக்குள்ளும் தெருவிலும் யாரை ஏற்றார்கள், யாரைத் தள்ளினார்கள்?

1897 மே 21. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கும் பட்டம் கொடுப்பதா என்று வாக்கெடுப்பு. பெண்கள் அங்கே படிக்கலாம், சோதினை எழுதலாம், ஆனால் பட்டம் இல்லை. அன்றைக்கு ஆண் மாணவர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். வாக்கெடுப்பு நடந்த கட்டடத்துக்கு எதிரே, தெருவுக்கு மேலே ஒரு பொம்மையைத் தொங்கவிட்டார்கள். காற்சட்டை போட்ட ஒரு பெண், சைக்கிளில் இருக்கிறாள். பட்டம் கேட்கிற பெண்ணை இழிவுபடுத்த அவர்களுக்குத் தோன்றிய உருவம் அதுதான். தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. பிறகு அந்தப் பொம்மையை இழுத்துக்கொண்டு பெண்கள் படிக்கிற நியூன்ஹாம் கல்லூரி வாசலுக்கே போனார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். கம்பஸில் படிக்கிற ஒருத்தியாக நான் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கட்டித் தூக்கியவர்கள் என் வயதுக்காரர்தான்.

அடுத்த வருடம், 1898 ஒக்ரோபரில் சறே பகுதியில் இன்னொரு சம்பவம். லேடி ஹார்பர்ட்டன் என்ற பெண் நீளப் பாவாடைக்குப் பதிலாகக் காற்சட்டை மாதிரியான உடுப்புப் போட்டுச் சைக்கிளில் வந்து ஒரு விடுதியில் சாப்பாடு கேட்டார். பெண்களுக்கான உடுப்பு இடுப்பை நெரிக்காமல், நடக்க ஓட வசதியாக இருக்க வேணும் என்று பலகாலம் இயக்கம் நடத்தியவர் அவர். விடுதிக்காரி அவரைச் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. குடிக்கிற ஆட்கள் இருக்கிற அறையில் வேணுமென்றால் இருக்கலாம் என்றார். சிறகுச் சக்கரச் சங்கம் ஹார்பர்ட்டனின் பக்கம் நின்று வழக்குப் போட்டது. 1899இல் வழக்குத் தோற்றது. ஆனாலும் 1880இலிருந்தே பெண்களை அங்கத்தவர்களாக ஏற்ற சங்கம் அது என்பதையும், அவர்களில் ஒருவருக்காகக் கோடு ஏறியது என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அமெரிக்கக் கதை வேறுமாதிரி. 1880இல் தொடங்கிய அமெரிக்கச் சைக்கிளோட்டிகள் லீக், 1894இல் தன் யாப்பைத் திருத்தி, வெள்ளையர் மட்டும்தான் அங்கத்தவராகலாம் என்று போட்டது. பொஸ்டன் நகரில் கிற்றி நொக்ஸ் என்ற தையல்காரப் பெண் இருந்தாள். கறுப்புத் தகப்பன், வெள்ளைத் தாய். விதி வருவதற்கு முதலே, 1893இல், அவள் அங்கத்தவராகிவிட்டாள். தன் சைக்கிள் உடுப்பைத் தானே வெட்டித் தைத்தாள். அதுவும் காற்சட்டை உடுப்புத்தான். 1895இல் நியூ ஜேர்சியில் லீக்கின் ஆண்டுக்கூட்டம். நொக்ஸ் தன் அங்கத்துவ அட்டையோடு போய் நின்றாள். அவளை ஏற்பதா விடுவதா என்று பெரிய பிரச்சினை. பேப்பர்களெல்லாம் எழுதின. விதி பின்னோக்கிச் செல்லாது, அவள் அங்கத்தவர்தான் என்று கடைசியில் லீக் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 1900இல், முப்பது வயது ஆகமுதலே அவள் இறந்துபோனாள். அந்த நிறவிதியை லீக் உத்தியோகபூர்வமாக மறுதலித்தது 1999இல்தான்.

ரயருக்குள்ளே இருந்தவர்கள்

இந்த இடத்தில் கதை எங்கட பக்கம் திரும்புகிறது.

டன்லொப்பின் ரயர் வந்தவுடன் உலகத்துக்கு இறப்பர் பசி பிடித்தது. 1890களின் இறப்பர் பெரும்பாலும் காட்டு இறப்பர். அமேசன் காடுகளிலிருந்து வந்தது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்ட் தன் தனிச்சொத்தாக வைத்திருந்த கொங்கோவிலிருந்தும் வந்தது. கொங்கோவில் ஊருக்கு இவ்வளவு இறப்பர் என்று அளவு போட்டார்கள். அளவு குறைந்தால் பெண்களைப் பணயம் வைத்தார்கள், கைகளை வெட்டினார்கள், ஊர்களை எரித்தார்கள். 1904இல் ரொஜர் கேஸ்மன்ற் எழுதிய அறிக்கை இதை உலகுக்குத் தெரியப்படுத்தியது. சமத்துவம் பேசிக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் ஓடிய அந்தக் கிளாரியன் பெடியளின் சக்கரங்களும் இந்தச் சந்தையிலிருந்து வந்த இறப்பரில்தான் உருண்டன. அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருத்தருடைய ஓய்வுக்குள்ளே இன்னொருத்தருடைய வேலை எப்படி மறைந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரித்தானியர் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1900க்குப் பிறகு, சைக்கிளோடு காரும் சேர்ந்து ரயர் கேட்கத் தொடங்கியபோது, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அந்தக் காலத்தில் அவர்களைக் கட்டுப்படுத்திய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவதே தண்டனைக்குரிய குற்றம். கங்காணியின் கடனும் துண்டு முறையும் அவர்களை மேலும் கட்டிப்போட்டன. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி சனி பின்னேரம் தன்பாட்டுக்கு ஊர் சுற்றப் போகிறான். அவனுக்கு இறப்பர் கொடுத்த தொழிலாளி தோட்டத்து எல்லையைத் தாண்டினால் மறியல்.

எங்கட சைக்கிள்

வடக்கில் சைக்கிளுக்கு வேற கதை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது போடப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. மற்ற எல்லாத்தையும் சைக்கிள்தான் இழுத்தது. விறகு, நெல்மூட்டை, தண்ணீர்க் கான், நோயாளி, பிள்ளைத்தாச்சி. கரண்டும் பற்றியும் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, ஒரு வீட்டில் மிஞ்சியதெல்லாம் பலருக்கு ஒரு சைக்கிளுக்குள் அடங்கியது. அன்றைக்கு அதை ஓடியவர்கள் குறைவு. நெரிசலில் உருட்டிக்கொண்டுதான் போனார்கள்.

பிறகு வந்த காலம் சென்ரிகளின் காலம். "எங்க போறாய்?" என்ற கேள்வியை ஊர்ச்சனம் மட்டும் கேட்கவில்லை, துவக்கோடு நின்றவர்களும் கேட்டார்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டி, ஒரு சரியான காரணம் சொல்ல வேணும். "சும்மா" என்பது அங்கே மறுமொழியே இல்லை. எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்குச் சைக்கிள் என்றால் ஏன் பாரமும் தேவையுமாக மட்டும் தெரிகிறது, அலுவல் இல்லாமல் வெளிக்கிடுகிற பிள்ளையைப் பார்த்து ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு இதற்குள்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய ஆட்கள் பிற்போக்கு என்று முடித்துவிடுவது சுகம். ஆனால் அது நியாயமில்லை.

2022இல் நாடு முழுக்கவே ஒருமுறை இந்த ருசியைக் கண்டது. டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, செற்றுக்கு முன்னால் நாள்கணக்காகக் கியூ. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையையே அரசு நிறுத்தியது. கொழும்பில் கோட் சூட் போட்ட ஆட்களும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். வடக்குச் சனத்துக்கு அது பழைய படம். கியூஆர் அட்டை வந்து நிலைமை சீரானதும் கனபேர் சைக்கிளைத் திரும்பவும் மூலையில் சாத்திவிட்டார்கள். சிலர் சாத்தவில்லை. தேவைக்கு ஏறியவர்கள் சிலருக்கு ஓடுகிற சுகம் பிடித்துப்போனது.

இனிக் கூட்டம் சேர்க்கிறவர்களுக்கு

ஊருக்கூர் இப்படிக் குழுக்கள் முளைப்பது எனக்குச் சந்தோசம். ஆனால் மேலே சொன்ன வரலாற்றைப் படித்தபிறகு சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எத்தனை மணிக்குச் சந்திக்கிறீர்கள்? விடிய நாலரைக்கு என்றால் அந்த இருட்டில் எந்தப் பெட்டையை வீட்டால் அல்லது விடுதியால் வெளியே விடுவார்கள்? விதியில் பெண்கள் வரக்கூடாது என்று எழுதத் தேவையில்லை, நேரமே அதைச் செய்துவிடும். என்ன சைக்கிள் வேணும்? கியர் சைக்கிளும் ஹெல்மெற்றும் இறுக்கமான உடுப்பும் இல்லாமல், வீட்டில் கிடக்கிற பழைய லுமாலாவோடு ஒருத்தன் வந்தால் வேகத்தைக் குறைப்பீர்களா, அவனைப் பின்னால் விட்டுவிட்டுப் போவீர்களா? ரயர் ஒட்டத் தெரிந்த ஆள் கூட்டத்தில் இருக்கிறாரா? தேத்தண்ணிக்கு எங்கே நிற்கிறீர்கள், அந்த வாங்கில் எல்லாரும் ஒன்றாக இருக்கலாமா? கடைசிக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடைகளுக்கும் சாதி வரலாறு ஒன்று இருக்கிறது.

இன்னொன்று. அந்த விடியப்பறத்து ரோட்டில் எங்களுக்கு முதலே சைக்கிள்கள் ஓடுகின்றன. மீன்பெட்டி கட்டிய சைக்கிள், மரக்கறிச் சாக்குக் கட்டிய சைக்கிள், கூலி வேலைக்குப் போகிற சைக்கிள். அந்தத் தெருவை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். சிறகுச் சக்கரச் சங்கம் ஊரூராக ஒரு பிரதிநிதியைத் தேடி வைத்தது. எங்களுக்கு அப்படியொருத்தரைத் தேடத் தேவையில்லை, பக்கத்திலேயே பெடல் மிதித்துக்கொண்டு வருகிறார். அவரோடு கதைக்கிறமா என்பதுதான் விசயம்.

அடுத்த சுற்றுக்குப் போகிறபோது ஒரு வேலையும் செய்யலாம். சந்திக்குச் சந்தி சைக்கிள் திருத்துகிற வயசான ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 90களில் எதை வைத்து எதை ஒட்டினோம், எந்தப் பாரத்தை எவ்வளவு தூரம் ஏற்றினோம் என்று அவர்களிடம் கதை கதையாக இருக்கும். போனை எடுத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். இங்கிலாந்துச் சங்கங்களின் கதை இன்றைக்கு எனக்குக் கிடைப்பது, அவர்கள் தங்கட கூட்டக் குறிப்பையும் கைநூலையும் பத்திரமாக வைத்ததால்தான். எங்கட கதை அந்தக் கடைகளில், கிறீஸ் பிடித்த கைகளோடு இருக்கிறது. அவர்களுக்கு வயசு போகிறது.